மானிட்டர் கடைசியில்

சேசு மரி சூசை

மூலக்குளம்,
9 ஜூன் 2024

அன்புள்ள யூஜின் அண்ணனுக்கு,

லினெட் எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கிடங்கில் பெட்டி தூக்கும்போது பெல்ட் கட்டிக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறாயாம். எழுதிக் கேட்டால் எழுதித்தானே பதில் சொல்ல வேண்டும் என்பது அவள் கணக்கு. அப்பா பழக்கிவிட்டதுதான். முனிசிபாலிட்டியில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு வீடும் ஓர் ஆபீஸ். ஊர், தேதி போட்டு லெட்டர் எழுதிக் கொடுத்தால்தான் நமக்கு சைக்கிள் கிடைக்கும். இப்போது காகிதம் போய் இமெயில் வந்துவிட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உப்பளத்தில் அன்வருதீன் பாய் ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்வதை நிறுத்திவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, இருமல் விடமாட்டேன் என்கிறது. கல்யாண ஆல்பம் எடிட்டிங்கை வீட்டிலிருந்தே செய்து தருகிறேன் என்று பாயிடம் கேட்டேன். "செய்ம்மா, எனக்கு வேல நடந்தா சரி. ஆனா தை பொறக்கறதுக்குள்ள நல்ல மெஷின் ஒண்ணு போட்டுடு. சீசன்ல உன் பழைய பொட்டிய நம்பி நான் கல்யாணம் ஒத்துக்க முடியாது" என்றார். நியாயம்தான். வீட்டில் இருப்பது நீ காலேஜில் படித்தபோது வாங்கியது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறது.

பாயே ஒரு வழியும் சொன்னார். கம்பெனிகளில் கழித்துப் போட்ட டெஸ்க்டாப்பைத் துடைத்துச் சரிசெய்து, மானிட்டரோடு சேர்த்து விற்கிறார்களாம். இந்த வாரமே கொண்டுவந்து வைத்துவிடலாம். உழவர்கரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பக்கிரி அண்ணனோ, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் பண்ணினால் அதே காசுக்கு உசத்தியாக வரும், ஆனால் நாளாகும் என்கிறார். ரெடிமேடா, அசெம்பிளா? நீ சொல்வதுபடிதான். நீ அனுப்புவது வாடகைக்கும் அம்மா மருந்துக்கும் சரியாகப் போகிறது. மற்றதெல்லாம் இந்த எடிட்டிங்தான். இதை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது, அண்ணா.

மாதா உன் கூட இருக்கட்டும்.

லினெட்

*

சார்செல்,
16 ஜூன் 2024

அன்புத் தங்கச்சி லினெட்டுக்கு,

பெல்ட் கட்டிக்கொள்கிறேன். முதுகு இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. அம்மாவிடம் சொல். உன் இருமலுக்கு மிளகுக் கஷாயம் போட்டுக் குடி, டாக்டரையும் பார்.

இப்போது காது கொடுத்துக் கேள். எவனோ பத்து வருஷம் தேய்த்துவிட்டுக் கழித்த பெட்டியை நீ ஏன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும்? அது கணக்கு எழுதுவதற்கு என்று செய்தது. நாளைக்கு வேகம் போதவில்லை என்றால் உள்ளே எதையும் மாற்ற முடியாது. அதோடு வருகிற மானிட்டரும் ஆபீஸ் மானிட்டர்தான், முகத்தின் நிறத்தை ஒழுங்காகக் காட்டாது. நீ பார்க்கிற வேலைக்கு அசெம்பிள்தான்.

செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். பிரான்ஸில் இந்தச் சார்செலிலிருந்து பாண்டிக்கு வக்கான்ஸ் லீவுக்கு வராத குடும்பம் உண்டா? முழுக் கம்ப்யூட்டரை எவனும் தூக்கி வரமாட்டான். ஆனால் ரேமை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். சென்ட்டு, சோப்பு, சாக்லேட்டுக்கு நடுவில் ஆளுக்கு ஒரு பாகம். இங்கே தள்ளுபடியில் நல்ல சரக்காகப் பொறுக்கி நான் அனுப்புகிறேன். கேபினட், பவர் சப்ளை, மதர்போர்டு மட்டும் பக்கிரியிடம் வாங்கு. மானிட்டர் கடைசியில். இப்போதே வாங்கினாலும் பயன் இல்லை, புது மானிட்டரின் ஒயர் எதுவும் உன் பழைய பெட்டியின் பின்னால் சொருகாது.

அடுத்த மாசம் டோனி வருகிறான். முதல் தவணை அவன் கையில்.

கிடங்கில் எடுத்த படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஜூன் மாசத்தில் ஸ்வெட்டரா என்று சிரிக்காதே. உறைந்த மீனுக்குக் காவல் இருக்கிறவனுக்கு எல்லா மாசமும் மார்கழிதான்.

அண்ணன்
யூஜின்

*

மூலக்குளம்,
28 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறாள்.

டோனி வந்தான். ரேமும் எஸ்எஸ்டியும் ஒரு காலுறைக்குள் இருந்தன. துவைத்த காலுறைதான் என்று சத்தியம் செய்தான். அம்மா அவனுக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். பக்கிரி அண்ணன் கேபினட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். காலிப் பெட்டி, ஒரு பக்கம் கண்ணாடி. அம்மா அதன் மேல் துணி போட்டு மூடிவைத்திருக்கிறாள்.

வேலையில்தான் ஒரு சங்கடம். போன வாரம் கொடுத்த ஆல்பத்தில் பொண்ணு மாப்பிள்ளை முகமெல்லாம் சிவந்து கிடக்கிறதாம். "என்னம்மா இது, தக்காளி கூடைய கவுத்த மாதிரி இருக்குது" என்றார் பாய். என் திரையில் அந்த முகங்கள் வெளிறிப்போய் ரத்தமே இல்லாமல் இருந்தன, அதனால்தான் சிவப்பைக் கூட்டினேன். மானிட்டருக்கு வயசாகிவிட்டது. இரண்டாவது தடவை பிரிண்ட் போட்டுக் கொடுத்தார், முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அது சரி, நீ அனுப்பிய படத்தை நேற்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அம்மா பின்னி அனுப்பிய அரக்குச் சிவப்பு ஸ்வெட்டர் எங்கே? இந்தப் பழுப்பு நிறத்தை எங்கே பிடித்தாய்? கடையில் வாங்கியது என்றால் அம்மாவிடம் சொல்லமாட்டேன், பயப்படாதே.

தங்கை
லினெட்

*

சார்செல்,
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சௌக்கியம். கடவுள் புண்ணியத்தில் நைட் ஷிப்ட் ஒரு வாரம் இல்லை.

அது அம்மா பின்னிய அதே ஸ்வெட்டர்தான், பைத்தியக்காரி. அரக்குச் சிவப்புதான். நீ அந்தச் செத்த மானிட்டரில் பார்த்திருப்பாய். சிவப்பையே தின்றுவிடுகிறது என்றால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அதை நம்பி ஒரு முகத்தையும் தொடாதே. முடிந்தவரை ஒவ்வொரு நிறத்துக்கும் காட்டுகிற எண்ணைப் பார்த்து வேலை செய். புது மானிட்டர் வரட்டும், பாய் வாயடைத்துப் போவார்.

ஒன்று கேட்கிறேன். டோனி திரும்பி வந்ததும் முதல் வேலையாக என்னிடம் சொன்னது, "லினெட்டு பாதியா எளச்சிட்டுதுடா" என்பதுதான். வீடியோவில் நீ அம்மாவின் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறாய். உடம்புக்கு என்ன? இருமல் போயிற்றா?

அண்ணன்
யூஜின்

*

மூலக்குளம்,
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. பதினைந்தாம் தேதி மாதா திருநாள் பூசைக்கு நடந்தே வந்தாள். பூசை முடிந்து வரும்போது தெருமுனையில் சுதந்திர தினக் கொடி ஏற்றியிருந்தார்கள். சாயம் போன கொடி, அண்ணா. மேலே ஒரு வெளிறல், கீழே ஒரு வெளிறல், நடுவில் வெள்ளை. வருஷத்துக்கு ஒரு நாள், அதற்கும் புதுக்கொடி வாங்க மனசில்லையா இவர்களுக்கு என்று அம்மாவிடம் திட்டிக்கொண்டே வந்தேன். அம்மாவுக்குக் காலில்தான் கவனம், கொடியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆல்பமும் திரும்பி வந்துவிட்டது. நீ சொன்னபடி எண்ணைப் பார்த்துத்தான் செய்தேன், ஆனால் எல்லா முகத்துக்கும் எண் உண்டா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒரு விளக்கு. கடைசியில் கண்ணால் பார்த்துத்தான் முடிக்க வேண்டியிருக்கிறது. அதோடு மெனுவில் இருக்கும் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. மூக்கு இடிக்கிற அளவுக்கு உட்கார்ந்து படிக்கிறேன். மானிட்டர் வாங்கும்போது பெரியதாகவே வாங்கிவிடலாம்.

"சொந்த மெஷின் வர்ற வரைக்கும் சின்ன வேலையா தரேன்மா" என்றார் பாய். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூட ஐடி கார்டு. ஆல்பம் எல்லாம் சென்னைக்குப் போகிறது. தைக்குத் திரும்ப எனக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

புரோசசர் எப்போது வரும்?

தங்கை
லினெட்

*

சார்செல்,
3 செப்டம்பர் 2024

லினெட்டுக்கு,

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கொடி இருக்கிறது, பாய் இருக்கிறார், அம்மாவின் கால் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அப்பா இருந்திருந்தால் இந்த லெட்டரைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

புரோசசர் வாங்கிவிட்டேன். மாடல் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும். எஃப் இல்லாததைவிட விலை குறைவு, வேகம் அதே வேகம். கடைக்காரன் வாயைப் பிளந்தான், இவ்வளவு தெரிந்தவன் கிடங்கில் என்ன செய்கிறான் என்று. என் கூட வேலை செய்கிறவனின் மனைவி மெரின், தங்கச்சி கல்யாணத்துக்கு இந்த மாசக் கடைசியில் வருகிறாள். அவள் கைப்பையில் வரும். வந்ததும் பக்கிரியைக் கூப்பிட்டுப் போடச் சொல்.

உடம்புக்கு என்ன? இந்தத் தடவை அதை மட்டும் எழுது.

அண்ணன்

*

மூலக்குளம்,
6 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ கோபமாக இருக்கிறாய். ஒரு மாசம் நான் எழுதாமல் இருந்ததும் அதனால்தான். இப்போது சொல்கிறேன், படித்துவிட்டு உடனே அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தாதே.

எனக்கு டிபி. மே மாசத்தில் கண்டுபிடித்தார்கள். பாய் ஸ்டுடியோவை விட்டதும் அதற்காகத்தான், ஏசி எல்லாம் சாக்கு. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து படம் பொறுக்குகிற இடம் அது. தெரிந்தால் ஒரு ஆள் படியேற மாட்டான். அம்மாவுக்கு மட்டும் தெரியும். உனக்குச் சொல்லக்கூடாது என்று மாதா பேரில் சத்தியம் வாங்கியிருந்தேன். நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயம். இன்னும் ஒரு மாசம் மாத்திரை சாப்பிட்டால் முடிந்தது. சளியில் இப்போது கிருமி இல்லை, எடையும் ஏறுகிறது. பயப்பட ஒன்றும் இல்லை, நிஜமாக.

சுகாதார நிலையத்திலிருந்து கொளஞ்சி அக்கா என்று ஒருவர் வந்து பார்த்துக்கொள்கிறார். நல்ல மனுஷி, தெருவில் யாராவது கேட்டால் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க வந்ததாகச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு மாசமும் ஒரே கேள்விதான். பசிக்குதா, வாந்தி வருதா, கை கால் மரத்துப்போவுதா. கடைசியில், "கண்ணு நல்லா தெரியுதா? செவப்பு பச்சையெல்லாம் சரியா தெரியுதாம்மா?" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். "அக்கா, என் தொழிலே கண்ணுதான். எனக்குத் தெரியாத கலரா? மானிட்டர்தான் கோளாறு, அதுக்கு எங்கண்ணன் மருந்து அனுப்பறாரு" என்பேன். அவரும் சிரித்துவிட்டுச் சரி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

மெரின் அக்கா புரோசசரைக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கிரி அண்ணன் நேற்று முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினார். ஆன் பண்ணினால் காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் மட்டும் வரவில்லை. அவருடைய கடை மானிட்டரைக் கொண்டுவந்து போட்டும் ஒரே இருட்டு. அப்புறம்தான் பெட்டியில் இருந்த எழுத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, உங்கண்ணன் எஃப் வாங்கிட்டாரே. இதுல டிஸ்பிளே கெடையாது. தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் படம் வரும்" என்றார். அவர் கடையில் இருக்கும் கார்டின் விலையைக் கேட்டு அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவரே இன்னொன்றும் சொன்னார். "இத என்கிட்டயே குடுத்துட்டு டிஸ்பிளே இருக்கறதா ஒண்ணு எடுத்துக்கங்க. சின்னதுதான், ஆனா இன்னிக்கே படம் வந்துடும்." செய்யட்டுமா?

லினெட்

*

சார்செல்,
7 அக்டோபர் 2024

என் தங்கச்சிக்கு,

காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

கத்தவில்லை. யாருக்கும் போன் போடவில்லை. அஞ்சு மாசம் ஒருத்தி இருமிக்கொண்டு கிடந்திருக்கிறாய், நான் உனக்கு ரேமைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்தது, பக்கத்தில் இருந்த கிழவி டிஷ்யூ கொடுத்தாள். மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே. முட்டை சாப்பிடு. நான் அதிகமாக அனுப்புகிறேன்.

எஃப் என் தப்பு. விலையைப் பார்த்தேன், கீழே எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. பக்கிரியிடம் சொல், மாற்ற வேண்டாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சின்னதைப் போட்டு முடித்தால், அந்த ரெடிமேடையே ஜூனில் வாங்கியிருக்கலாமே. என் கூட வேலை செய்கிறவன் ஒரு நல்ல கார்டை விற்கிறான், பாதி விலை. ஆரோன் மாமா டிசம்பரில் நொயேல் லீவுக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் வந்த அன்றைக்கே பக்கிரி மானிட்டரையும் கொண்டுவரட்டும், பெரியது, நிறத்துக்கென்றே செய்தது. பெயர் கீழே எழுதியிருக்கிறேன், பணம் அனுப்புகிறேன். தைக்கு முன்னால் எல்லாம் தயாராகிவிடும். நான் கணக்குப் போட்டுவிட்டேன்.

இரண்டு மாசம்தானே, பொறுத்துக்கொள். உன் கண் பொய் சொல்லாது. சின்ன வயசிலேயே அம்மா சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்க உன்னைத்தானே கடைக்கு அனுப்புவார் அப்பா.

அண்ணன்
யூஜின்

*

மூலக்குளம்,
30 டிசம்பர் 2024

அண்ணா,

கிறிஸ்துமஸ் நல்லபடியாக முடிந்தது. அம்மா நலம். நானும் நலம், மாத்திரை போன மாசமே முடிந்துவிட்டது. டிபி சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். கொளஞ்சி அக்காவுக்கு அம்மா கேக் கொடுத்து அனுப்பினாள்.

சுருக்கமாக எழுதுகிறேன். எழுத்தை ரொம்பப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஒரு வரிக்கு நாலு வார்த்தைதான் அடங்குகிறது.

ஆரோன் மாமா கொண்டுவந்த கார்டை நேற்று பக்கிரி அண்ணன் போட்டார். படம் வந்துவிட்டது. நீ சொன்ன மானிட்டரையும் வைத்தார். பாயை நான்தான் வரச்சொல்லியிருந்தேன். தை ஆல்பத்தைக் கையோடு வாங்கிவிடலாம் என்று ஆசை. அவர் பென்டிரைவில் ஒரு கல்யாணம் கொண்டுவந்திருந்தார். திறந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக, "அடேயப்பா" என்றார்கள். "கூறப்பொடவ நெருப்பா எரியுது பார்ரா" என்றார் பாய்.

எனக்கு அப்படித் தெரியவில்லை.

பழைய மானிட்டரில் எப்படித் தெரிந்ததோ அப்படியேதான் இருந்தது. அதைவிட மோசம். பொண்ணின் முகத்தை நேராகப் பார்த்தால் நடுவில் புகை மாதிரி ஒன்று நிற்கிறது. சூப்பரா இருக்கு பாய் என்றேன். ஆல்பத்தை வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் அம்மாவைக் கூப்பிட்டுத் திரை முன்னால் நிறுத்தி, இந்தப் புடவை என்ன நிறம் என்று கேட்டேன். "செவப்புடி. நல்ல ரத்தச் செவப்பு. ஏன், ஒனக்குத் தெரியலையா?" என்றாள். பின்னால் இருக்கிற வாழைமரம்? "பச்ச." இரண்டும் எனக்கு ஒரே மண் நிறம்.

அப்போதுதான் அந்தக் கொடி ஞாபகம் வந்தது. உன் ஸ்வெட்டரும்.

நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

லினெட்

*

சார்செல்,
31 டிசம்பர் 2024

லினெட்டுக்கு,

பயப்படாதே. புது மானிட்டரில் சில சமயம் நிறத்தைக் குறைத்து வைத்தே கடையிலிருந்து வரும். கண் கூசாமல் இருக்க என்று ஒரு செட்டிங் இருக்கும், அதை அணைத்துப் பார். கார்டுக்கு உள்ள மென்பொருளைப் புதிதாகப் போடச் சொல். ஒயரைக் கழற்றி மறுபடி சொருகு. அம்மாவுக்கு வயசாகிவிட்டது, அவள் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. பாயும் பக்கிரியும் பார்த்தது வேறு கோணமாக இருக்கலாம். அவர்கள் நின்றுகொண்டு பார்த்தார்கள், நீ உட்கார்ந்து பார்த்தாய்.

எதற்கும் டாக்டரைப் பார்த்துவிட்டு உடனே எழுது. உடனே. போனை எடு, லினெட். நாலு தடவை அடித்துவிட்டேன்.

யூஜின்

*

மூலக்குளம்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை நான் எழுதவில்லை. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. தப்பிருந்தால் அம்மா பார்த்துச் சொல்லுவாள். நீ நடுவில் எழுதிய மூன்று மெயிலையும் அவள்தான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பதில் போட நாளாகிவிட்டது. டாக்டர் இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார், அதற்காகக் காத்திருந்தேன். ஒருவேளை நல்லதாகச் சொன்னால் நல்லதையே உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன்.

டிபிக்குக் கொடுத்த மாத்திரையில் ஒன்று சிலபேருக்குக் கண் நரம்பைக் கெடுக்குமாம். முதலில் சிவப்பும் பச்சையும் போகும், அப்புறம்தான் பார்வை மங்கும். அதைத்தான் கொளஞ்சி அக்கா மாசாமாசம் கேட்டிருக்கிறார். "மாத்தர சாப்புடறப்பவே கலர் மாறுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த ஒண்ண மட்டும் நிறுத்தியிருப்போம்மா. நெறைய பேருக்குத் திரும்பி வந்துருக்கு" என்றார் டாக்டர். எனக்குத் திரும்பாது என்று போன வாரம் சொல்லிவிட்டார். ஓரத்தில் தெரிகிறது. நடந்துபோக, சோறு போட்டுச் சாப்பிட, ஆள் வருவது போவது தெரிய அது போதும். முகம் தெரியாது.

கொளஞ்சி அக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ கலர் வேல பாக்கற பொண்ணாச்சே, உனக்குத் தெரியாதான்னு நெனச்சிட்டேனே" என்று அழுதார். அவரை நான் என்ன சொல்வது? வேறு யாராக இருந்திருந்தாலும் முதல் மாசமே கண்ணைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். எனக்கு மானிட்டர் என்று ஒன்று இருந்தது, அதைத் திட்டினேன். நீயும் என்கூடச் சேர்ந்து திட்டினாய்.

உன் மேல் கோபமா என்று ஒவ்வொரு மெயிலிலும் கேட்கிறாய். கோபம்தான். ஜூனில் அந்த ரெடிமேடை வாங்கியிருந்தால் ஜூலையிலேயே தெரிந்திருக்கும். அக்டோபரில் பக்கிரி அண்ணன் சொன்னதைச் செய்திருந்தால்கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். படுத்துக்கொண்டு இதையே மாற்றி மாற்றி நினைக்கிறேன். அப்புறம், டிபியை உன்னிடம் மறைத்தவளும் சிரித்துக்கொண்டே கலர் தெரியும் என்று சொன்னவளும் யார் என்று நினைப்பு வருகிறது. கோபம் குறைவதில்லை, உன் மேல் பாதி, என் மேல் பாதி என்று பிரிகிறது, அவ்வளவுதான். உன்னிடம் பொய் சொல்ல இனிமேல் எனக்குத் தெம்பில்லை.

தை ஆல்பத்தை மறுநாளே பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன வாரம் அவரே ஆளோடு வந்து மெஷினையும் மானிட்டரையும் எடுத்துக்கொண்டு போனார். நான்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டில் இருந்தால் அம்மா தினமும் அதைத் துடைத்துவிட்டு அழுகிறாள். ஸ்டுடியோவில் என் நாற்காலியில் இப்போது ஷாஹீன் என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். அன்று சாயங்காலமே பாய் போன் செய்தார். "உங்கண்ணன் போட்டது தங்கமான மெஷினும்மா. கலர் அப்டியே அச்சா இருக்குது. ஒரு பிரிண்ட் கூட திருத்த வேண்டியதில்ல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். உன்னிடமும் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

ஈஸ்டருக்கு வருவதாக எழுதியிருந்தாய். வா. கிட்டத்தில் வந்து நின்றால் ஓரக்கண்ணால் உன்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வேன். பெட்டியில் எனக்கென்று எதுவும் வாங்கி வராதே.

முதுகைப் பார்த்துக்கொள். பெல்ட் கட்டிக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ போட்டிருந்தது அம்மா பின்னிய அரக்குச் சிவப்பு ஸ்வெட்டர்தானாம். அம்மா சொன்னாள்.

தங்கை
லினெட்